‘இனி இவ்வளவுதான்’ என்ற சொல்லின் வரலாறு

கொஞ்சம் நீளமான பதிவு இது. ஒரு பிளேன்டியை ஊற்றி வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

2021 மார்ச் 20ஆம் திகதியை நம் ஊரில் யாருக்கும் ஞாபகப்படுத்தத் தேவையில்லை. லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட பஸ் பசறை 13ஆம் கட்டையில் பள்ளத்தில் விழுந்தது. பத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அந்த நாள் வரும்போதெல்லாம் அவர்களை நினைக்கிறோம். ஆனால் எந்த விபத்திலும் இன்னொரு கூட்டம் இருக்கிறது. உயிரோடு வீடு திரும்பியவர்கள். அவர்களில் தலையில் அடிபட்டவர்களுக்கு நினைவு தினம் கிடையாது. கால் முறிந்தவனுக்கு பிளாஸ்டர் இருக்கும், பார்ப்பவர்களுக்குத் தெரியும். மூளையில் அடிபட்டவனுக்கு வெளியே ஒன்றும் தெரியாது. பெயர் மறப்பான், கோபப்படுவான், சொல் வராமல் தடுமாறுவான். ஆறு மாதம் போனதும் வீட்டிலும் ஊரிலும் ஒரு சொல் வந்துவிடும்: “இனி இவ்வளவுதான்.”

மரத்திலிருந்து விழுந்தவர், மோட்டார் சைக்கிளில் சறுக்கியவர், பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தவர் என்று எல்லோருக்கும் அதே சொல்தான். இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தேன். அது வெறும் ஊர்ப்பேச்சு அல்ல. ஒரு காலத்தில் பெரிய விஞ்ஞானிகளும் பெரிய வைத்தியர்களும் சொன்னதுதான். பிறகு விஞ்ஞானமே அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திக்கொண்டது. அந்தத் திருத்தம் இன்னும் நம் மலைகளுக்கு முழுதாக வந்து சேரவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

மண்டை ஓட்டைத் திறந்து வைத்தியம் செய்வது நேற்று வந்த வேலை அல்ல. பத்தாம் நூற்றாண்டில் ஸ்பெயினின் குர்துபா நகரத்துக்குப் பக்கத்தில் பிறந்த அபுல் காசிம் அல் ஸஹ்ராவி, ‘அத்தஸ்ரீஃப்’ என்ற 30 பாகங்கள் கொண்ட மருத்துவ நூலை எழுதினார். அதன் கடைசிப் பாகம் முழுக்க சத்திரசிகிச்சை, கருவிகளின் படங்களோடு. மண்டை ஓடு உடைந்தால் எப்படித் துளையிட வேண்டும் என்று அதில் சொல்லியிருக்கிறார். துளையிடும் கருவி ஓட்டைத் தாண்டி உள்ளே இறங்கி மூளையின் உறையைக் கிழித்துவிடக் கூடாது என்பதற்காக, அதைத் தடுக்கும் ஒரு வளையத்தையும் கருவியில் வைத்தார். ஆயிரம் வருடத்துக்கு முந்திய கவனம் அது. ஆனால் ஓடு ஆறிய பிறகு உள்ளே இருக்கும் மனிதன் எப்படித் திரும்பி வருவான் என்பது வேறு கேள்வி. அது கேட்கப்பட்டதே மிகப் பிந்தித்தான்.

ஆசிரியர் பயிற்சிக்குப் போனவர்கள் உளவியல் பாடத்தில் பினியஸ் கேஜ் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள். 1848 செப்டம்பர் 13. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் கவென்டிஷ் என்ற ஊர். ரயில் பாதைக்காகப் பாறை உடைக்கும் கூட்டத்துக்கு கேஜ் மேற்பார்வையாளர். நம் பாஷையில் கங்காணி. வயது 25. வெடிமருந்தைக் குழியில் இடித்து இறுக்கும்போது பொறி பறந்து வெடித்தது. ஒரு மீற்றருக்கு மேல் நீளமும் ஆறு கிலோ எடையும் கொண்ட இரும்புக் கம்பி அவருடைய இடது கன்னத்துக்குக் கீழே நுழைந்து உச்சந்தலை வழியாக வெளியே பறந்தது. கொஞ்ச நேரத்தில் அவர் எழுந்து பேசினார். மாட்டு வண்டியில் நிமிர்ந்து உட்கார்ந்தபடி ஊருக்குள் போனார். ஜோன் ஹார்லோ என்ற ஊர் வைத்தியர் அவரைப் பார்த்துக்கொண்டார், காய்ச்சலும் சீழும் வந்தும் காப்பாற்றினார்.

பாடப் புத்தகம் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிட்டு ஒரு முடிவைச் சொல்லும்: கேஜின் குணம் கெட்டுப்போனது, பொறுப்பில்லாதவனாக, யாருக்கும் உதவாதவனாக அலைந்தார் என்று. நாங்களும் அப்படித்தான் படித்தோம். ஆனால் அவுஸ்திரேலிய ஆய்வாளர் மல்கம் மெக்மிலன் பழைய ஆவணங்களைப் பல வருடம் தோண்டியபோது வேறு கதை வந்தது. முதல் சில வருடங்கள் கேஜ் தடுமாறியது உண்மை. பிறகு 1852இல் சிலி நாட்டுக்குப் போய், சுமார் ஏழு வருடம் பயணிகள் குதிரை வண்டி ஓட்டினார். பல குதிரைகள் பூட்டிய வண்டி. அதிகாலையில் எழும்ப வேண்டும், குதிரைகளைத் தயார் செய்ய வேண்டும், தெரியாத பாஷைப் பயணிகளோடு பேசிச் சமாளிக்க வேண்டும். உதவாதவனால் செய்யக்கூடிய வேலையா இது? ஒவ்வொரு நாளும் ஒரே ஒழுங்கில் வந்த அந்த வேலையே அவரைத் தூக்கி நிறுத்தியிருக்க வேண்டும் என்பது மெக்மிலனின் கருத்து. 1860இல் வலிப்பு வந்து கேஜ் இறந்தார். அவருக்குப் பாதியாவது திரும்பி வந்த அந்தப் பன்னிரண்டு வருடங்களை, ஒரு நூற்றாண்டுக்கு மேல் பாடப் புத்தகங்கள் மறந்துவிட்டன.

ஏன் மறந்தன? அந்தக் காலத்து விஞ்ஞானம் வேறு ஒரு பெரிய கண்டுபிடிப்பில் மூழ்கியிருந்தது. 1861இல் பாரிஸில் போல் ப்ரோக்கா, பேச்சை இழந்த ஒரு நோயாளியின் மூளையை அவர் இறந்த பிறகு பரிசோதித்தார். இடது பக்க முன்பகுதியில் ஒரு குறிப்பிட்ட இடம் கெட்டிருந்தது. பேச்சுக்கு ஓர் இடம், கைக்கு ஓர் இடம், பார்வைக்கு ஓர் இடம் என்று மூளைக்கு வரைபடம் போடும் வேலை அதன் பின் வேகமாக நடந்தது. நல்ல வேலைதான், இன்றும் சத்திரசிகிச்சைக்கு அந்த வரைபடம் வேண்டும். ஆனால் வரைபடம் மெதுவாகத் தீர்ப்பாக மாறியது. அந்த இடம் போனால் அந்த வேலை போயிற்று, முடிந்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பெயின் நாட்டு சாந்தியாகோ ரமோன் கஹால் இதற்கு முத்திரை வைத்தார். நரம்புக் கலங்களை நுணுக்குக்காட்டியில் பார்த்து வரைந்தவர், 1906இல் நோபல் பரிசு பெற்றவர். வளர்ந்த மனிதரின் மூளையில் நரம்புப் பாதைகள் முடிந்துபோனவை, மாறாதவை, இறந்த கலம் மறுபடி வராது என்று எழுதினார். அதே இடத்தில் இன்னொன்றையும் எழுதினார். இந்தக் கடுமையான தீர்ப்பை முடிந்தால் மாற்றுவது எதிர்கால விஞ்ஞானத்தின் வேலை என்று. உலகம் முதல் பாதியை மனப்பாடம் செய்தது. இரண்டாம் பாதியை விட்டுவிட்டது.

இனி நமக்குப் பக்கத்தில் நடந்த கதைக்கு வருவோம். கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இது பிடிக்கும்.

1962 மார்ச் 17, பார்படோஸ். மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சுற்றுப்பயணம் போன இந்திய அணியின் தலைவர் நரி கொன்ட்ராக்டர். வயது 28. அன்று யாரும் ஹெல்மெட் போடுவதில்லை. சார்லி கிரிஃபித் போட்ட பந்து அவருடைய தலையின் வலது பக்கத்தில், காதுக்குப் பின்னால் விழுந்தது. மண்டை ஓடு உடைந்து உள்ளே இரத்தம் கட்டியது. உடனே அறுவை செய்து மூளையில் ஏறிய அழுத்தத்தை இறக்கினார்கள். இரத்தம் தேவைப்பட்டது. கொடுத்தவர்களில் எதிரணித் தலைவர் ஃபிராங்க் வொரெலும் ஒருவர். அந்த நன்றியை மறக்காமல் இன்றும் மேற்கு வங்காளத்தில் வொரெல் பெயரில் இரத்ததான முகாம் நடக்கிறது. கொன்ட்ராக்டர் பல நாள் நினைவில்லாமல் கிடந்து பிழைத்தார்.

உடைந்த ஓட்டை மூட அவருக்கு உலோகத் தகடு வைத்தது தமிழ்நாட்டில், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி வைத்தியசாலையில். வைத்தியர் ஜேக்கப் சாண்டி. கோட்டயத்துக்காரர். கனடாவில் உலகப் புகழ்பெற்ற வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்று வந்து, 1949இல் வேலூரில் இந்தியாவின் முதலாவது நரம்பியல் சத்திரசிகிச்சைப் பிரிவைத் தொடங்கியவர். அடுத்த வருடம் சென்னை பொது வைத்தியசாலையில் சீர்காழியில் பிறந்த பி. ராமமூர்த்தி இன்னொரு பிரிவைத் தொடங்கினார். நம் நாட்டில் 1956இல் கொழும்பில் வைத்தியர் ஷெல்டன் கப்ரால் இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டார். அதற்கு முன் நம் தோட்டங்களில் மண்டை உடைந்தவனுக்கு என்ன கதி என்று யோசித்துப் பாருங்கள். நம் தாத்தாமார் காலம் அது.

கொன்ட்ராக்டர் இனி மட்டையைத் தொடமாட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். டெஸ்ட் போட்டியில் மறுபடி ஆட முடியவில்லை, அது உண்மை. ஆனால் முதல்தரக் கிரிக்கெட்டுக்குத் திரும்பி 1970-71 பருவம் வரை ஆடினார். வேலூரில் வைத்த தகடு 60 வருடம் அவர் தலையில் இருந்தது. 2022இல், 88 வயதில்தான் மும்பாயில் அதை எடுத்தார்கள்.

கொன்ட்ராக்டர் விழுந்ததும் அணித்தலைமை யாருக்குப் போனது தெரியுமா? 21 வயது மன்சூர் அலி கான் பட்டோடிக்கு. அவருக்கும் ஒரு விபத்து நடந்திருந்தது. 1961 ஜூலையில் இங்கிலாந்தின் ஹோவ் நகரில் கார் விபத்து, கண்ணாடித் துண்டு ஏறி வலது கண் பார்வை போயிற்று. ஒரு கண்ணால் தூரத்தை அளப்பது கஷ்டம். சந்தேகமிருந்தால் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு கோப்பையில் தேத்தண்ணி ஊற்றிப் பாருங்கள். அவர் வலையில் நின்று பந்தைத் திரும்பத் திரும்ப எதிர்கொண்டு பழகினார். ஆறு மாதம் கழித்து, 1962 ஜனவரியில் சென்னையில் இங்கிலாந்துக்கு எதிராக 103 ஓட்டங்கள் எடுத்தார். அவருக்கு அடிபட்டது கண், மூளையல்ல. ஆனால் ஒரு கண்ணால் தூரத்தை அளக்கப் புதிதாகப் பழகியது அவருடைய மூளைதான். முடிந்துபோன, மாறாத பாதைகள் என்றால் இது எப்படி நடக்கும்?

நம் ஆட்களுக்கும் இந்த அனுபவம் உண்டு. 1975 ஜூனில் லண்டன் ஓவல் மைதானத்தில் உலகக் கிண்ணப் போட்டி. ஜெஃப் தொம்சனின் பந்து தலையில் பட்டு துலிப் மென்டிஸ் வைத்தியசாலைக்குப் போனார். பத்து வருடம் கழித்து இலங்கையின் முதலாவது டெஸ்ட் வெற்றியில் அணித்தலைவர் அவர்தான்.

ஓட்டை மூடியாகிவிட்டது, தையலும் பிரித்தாகிவிட்டது. அடுத்து என்ன? இந்தக் கேள்விக்கும் வேலூரில் ஒரு பெண் பதில் தேடினார். வைத்தியர் மேரி வர்கீஸ். 1954இல் வாகன விபத்தில் முள்ளந்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வை இழந்தார். சத்திரசிகிச்சை வைத்தியராக வர நினைத்தவர். விடவில்லை. சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். பிறகு நியூயோர்க் போய் புனர்வாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966இல் வேலூரில் புனர்வாழ்வு நிலையம் ஒன்று உருவானது. முள்ளந்தண்டு அடிபட்டவர்களும் மூளையில் அடிபட்டவர்களும் அங்கே மாதக்கணக்கில் தங்கி, சாப்பிட, குளிக்க, எழுத, தொழில் செய்யப் பழகி ஊர் திரும்புகிறார்கள். காப்பாற்றுவது பாதி வேலைதான், மீதி பாதி பழக்குவது என்பதை நம் பக்கத்துக்குக் கட்டடமாக எழுப்பிக் காட்டியவர் அவர்.

ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவில் ஓர் ஆசிரியருக்கு நடந்ததைக் கேளுங்கள். பெட்ரோ பாக்-இ-ரீட்டா நியூயோர்க் சிட்டி கல்லூரியில் படிப்பித்தவர். 1950களின் இறுதியில், 65 வயதில், கடுமையான பாரிசவாதம். ஒரு பக்கம் விழுந்தது, பேச்சும் போனது. நாலு கிழமை பயிற்சிக்குப் பிறகு, இனி முன்னேற்றம் வராது, பராமரிப்பு இல்லத்தில் விடுங்கள் என்றார்கள். மெக்சிக்கோவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த மகன் ஜோர்ஜ் தகப்பனைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனார். அவருக்குப் புனர்வாழ்வு பற்றி ஒன்றும் தெரியாது. அதனால் குழந்தைக்குச் செய்வதையே செய்தார். முதலில் தவழ விட்டார், சுவரில் சாய்ந்தபடி. முற்றத்தில் தகப்பன் தவழ்வதைப் பார்த்து அக்கம்பக்கத்தார் முகம் சுளித்தார்கள். பிறகு தரையில் உருண்டைகளை உருட்டிப் பிடிக்க வைத்தார். பாத்திரம் கழுவ வைத்தார், பலமிழந்த கையால். ஒரு வருடத்தில் பெட்ரோ மறுபடி முழுநேரமாகப் படிப்பிக்கப் போனார்! 1965இல் கொலம்பியாவில் மலையேறும்போது மாரடைப்பில் இறந்தார்.

இறந்த பிறகு மூளையைப் பரிசோதித்தார்கள். மூளையிலிருந்து உடம்பை இயக்கக் கீழே இறங்கும் பாதையில் பெரும்பகுதி அழிந்தே கிடந்தது. அது குணமாகவே இல்லை. மிஞ்சியிருந்த பகுதிகள் அந்த வேலையைப் பொறுப்பெடுத்திருந்தன. 13ஆம் கட்டையில் மண் சரிந்தால் நாங்கள் என்ன செய்கிறோம்? சுற்றுப் பாதையைப் பிடிக்கிறோம். முதல் நாள் அந்தப் பாதை காட்டுப் பாதை. நூறு பேர் போனால் ஒற்றையடிப் பாதை, ஆயிரம் பேர் போனால் வீதி. பெட்ரோவின் மற்ற மகன் போல், இந்த உண்மையை ஆராய்வதிலேயே தன் விஞ்ஞான வாழ்க்கையைச் செலவழித்தார். கஹாலின் இரண்டாம் பாதி வாக்கியம் வேலை செய்யத் தொடங்கியது அங்கேதான்.

அதற்குப் பின் வந்தவற்றில் இரண்டை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது எட்வர்ட் டோப் என்ற அமெரிக்க ஆய்வாளர் கண்டது. பாரிசவாதம் வந்தவர் விழுந்த கையால் முதலில் முயற்சி செய்வார், முடியாது. நல்ல கையால் சமாளிப்பார். அது பழகிவிடும். பிறகு விழுந்த கைக்குக் கொஞ்சம் பலம் திரும்பினாலும் மூளை அதைக் கூப்பிடாது. பாவிக்காமல் இருக்கவே அது பழகிவிட்டது. டோப் செய்தது எளிமை. நல்ல கைக்கு உறை போட்டு மூடி, விழுந்த கையால் மட்டும் நாள் முழுக்க வேலை செய்ய வைத்தார். 222 நோயாளிகளோடு நடந்த பெரிய ஆய்வொன்று 2006இல் வெளியானது. பாரிசவாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதம் கடந்தவர்கள் அவர்கள். இரண்டு கிழமைப் பயிற்சியில் வந்த முன்னேற்றம் ஒரு வருடம் கழித்தும் நிலைத்திருந்தது.

இரண்டாவது ஒரு தமிழர் செய்தது. 1951இல் தமிழ்நாட்டில் பிறந்து சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன், கலிபோர்னியாவில் ஆராய்ச்சி செய்தார். கை வெட்டப்பட்டவர்களுக்கு இல்லாத கையில் வலி வரும். அவர் சாதாரண முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை நிமிர்த்தி வைத்தார். நல்ல கையின் பிம்பம், இல்லாத கையின் இடத்தில் தெரிந்தது. அதை அசைக்கும்போது இல்லாத கை அசைவதாக மூளை நம்பியது, பலருக்கு வலி குறைந்தது. 1999இல் அவரும் மற்றவர்களும் அதே கண்ணாடியைப் பாரிசவாத நோயாளிகள் ஒன்பது பேருக்குப் பரீட்சித்துப் பார்த்து ‘லான்செட்’ சஞ்சிகையில் எழுதினார்கள். ஒன்பது பேரில் தொடங்கிய விஷயம், 2018இல் 62 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, கை அசைவை மேம்படுத்த உதவுகிறது என்று உறுதியானது. விலை என்ன? ஒரு கண்ணாடியின் விலை.

இனி அண்மைக்கால ஆராய்ச்சிகள். இவற்றில் மூன்றை நாம் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

ஒன்று, நம்பிக்கை வேறு, பரிசோதனை வேறு என்று காட்டியது. தலையில் அடிபட்டால் ஸ்டீரொய்ட் ஊசி போடுவது உலகமெங்கும் பல வருட வழக்கமாக இருந்தது. மூளை வீக்கம் குறையும் என்று நம்பினார்கள். 10,008 நோயாளிகளில் பரிசோதித்து 2004இல் முடிவு வந்தது. ஊசி போட்டவர்களில்தான் இரண்டு கிழமைக்குள் அதிகம் பேர் இறந்தார்கள். 21.1 சதவீதம், போடாதவர்களில் 17.9 சதவீதம். அந்த வழக்கம் அதோடு நின்றது.

இரண்டாவது நேரம் பற்றியது. டிரனெக்ஸாமிக் அசிட் என்ற, இரத்தப்போக்கைக் குறைக்கும் மலிவான மருந்தை 29 நாடுகளில் 12,737 பேரிடம் பரிசோதித்தார்கள். 2019இல் முடிவு வெளியானது. அடிபட்டு மூன்று மணித்தியாலத்துக்குள் கொடுத்தபோது, மிதமான காயமுள்ளவர்களில் தலைக்காயத்தால் வந்த மரணம் 7.5 சதவீதத்திலிருந்து 5.8 சதவீதமாகக் குறைந்தது. மிகக் கடுமையான காயத்தில் அந்தப் பலன் தெரியவில்லை. இதில் நமக்குள்ள பாடம் மருந்தின் பெயரல்ல, அந்த மூன்று மணித்தியாலம். வாகனம் தேடுவதிலும், ஓதிப் பார்ப்பதிலும், “கொஞ்சம் தூங்கி எழும்பினால் சரியாகும்” என்று காத்திருப்பதிலும் நம் மலையில் அந்த நேரம் போய்விடுகிறது. துஆ கேளுங்கள், வண்டியில் ஏறிய பிறகு கேளுங்கள்.

மூன்றாவது என்னை உலுக்கியது. கண் திறந்திருந்தும் எதற்கும் பதில் சொல்லாமல் கிடக்கும் நோயாளிகளைப் பற்றியது. 2006இல் ஏட்ரியன் ஓவனும் சக ஆய்வாளர்களும் அப்படிக் கிடந்த ஓர் இளம் பெண்ணை ஸ்கேன் இயந்திரத்தில் வைத்து, டென்னிஸ் விளையாடுவதாக நினைக்கச் சொன்னார்கள். நல்ல மனிதரின் மூளையில் எந்தப் பகுதி விழிக்குமோ அதே பகுதி விழித்தது. அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். 2024இல் பல நாடுகள் சேர்ந்த ஆய்வு வந்தது. சொன்னதைச் செய்ய முடியாமல் கிடந்த 241 பேரில் 60 பேரின் மூளை, சொன்னதைப் புரிந்து பதில் கொடுத்தது. நாலு பேரில் ஒருவர்! அவர்களுக்கு முன்னால் நின்றுகொண்டு “இனி இவ்வளவுதான்” என்று சொன்னால், அதை அவர்களும் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

எல்லோரும் பெட்ரோவைப் போல எழும்புவார்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அது பொய். சிலருக்கு அடி மிகக் கடுமை, எவ்வளவு செய்தாலும் கொஞ்சம்தான் திரும்பும். பொதுவாக முதல் சில மாதங்களில்தான் வேகமான முன்னேற்றம் வரும், பிறகு மெதுவாகும். மெதுவாகும் என்பதும் நின்றுவிடும் என்பதும் ஒன்றல்ல. அந்த இரண்டுக்கும் இடையில்தான் நம் வீடுகளில் பலர் கைவிடப்படுகிறார்கள். அதில் அன்பில்லாமை கிடையாது. கொழுந்து பறிக்கப் போகும் பெண் ஒரு நாள் கிளினிக்குக்குப் போனால் அந்த நாள் சம்பளம் இல்லை. பதுளைக்குப் போய்வரச் செலவு. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை. குடும்பம் களைத்துப்போகிறது. அதனால் இதைக் குடும்பத்தின் பொறுப்பு என்று மட்டும் விட முடியாது. பள்ளிவாசல், கோயில், தேவாலயம், தோட்ட இளைஞர் மன்றம் எல்லோரும் மையத்து வீட்டுக்கு ஓடி வருகிறோம். உயிரோடு திரும்பியவனின் வீட்டுக்கும் கிழமைக்கு ஒரு முறை போய் ஒரு மணித்தியாலம் உட்காரலாம்.

நடைமுறைக்குச் சில விஷயங்கள்:

தலையில் அடிபட்டவர் திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், தலைவலி கூடிக்கொண்டே போனால், தூக்க மயக்கமாக இருந்தால், வலிப்பு வந்தால், ஒரு கை கால் பலமிழந்தால், காதிலோ மூக்கிலோ இரத்தமோ தண்ணீர் போன்ற திரவமோ வந்தால், ஒரு நிமிடமும் காத்திருக்க வேண்டாம். 1990 சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசம்.

விழுந்த கைக்கு வேலை கொடுங்கள். பயறு பொறுக்க, தஸ்பீஹ் மணி உருட்ட, உடுப்பு மடிக்க. ஒரு நாளில் பத்துத் தடவை போதாது, நூறு தடவை வேண்டும். ஆனால் நல்ல கையைக் கட்டுவதை நீங்களாகச் செய்ய வேண்டாம், பிசியோதெரபி தாதியரிடமோ நிபுணரிடமோ கேட்டுச் செய்யுங்கள்.

பேச்சு வராதவரோடு பேசுங்கள். சிலருக்குப் பேச்சு வராவிட்டாலும் பழகிய பாட்டும் ஓதலும் வரும். அங்கிருந்து தொடங்கலாம்.

மோட்டார் சைக்கிள் ஓட்டும் தம்பிமாருக்கு: ஹெல்மெட் தலைக்காயத்தை 69 சதவீதமும் மரணத்தை 42 சதவீதமும் குறைக்கும் என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். கையில் மாட்டிக்கொண்டு போனால் முழங்கைதான் தப்பும். பின்னால் இருக்கும் பிள்ளைக்கும் போடுங்கள்.

கடைசியாக, ஆசிரியராகச் சக ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒன்று. விளையாட்டில் தலையில் அடிபட்ட பிள்ளையை அன்றே மறுபடி மைதானத்தில் இறக்க வேண்டாம். சர்வதேசக் கிரிக்கெட்டிலேயே 2019இலிருந்து மூளை அதிர்வு வந்தவருக்குப் பதிலாக வேறு ஆள் ஆட அனுமதி இருக்கிறது. முதல் ஓரிரு நாள் ஓய்வு, பிறகு மெதுவாக நடை, மெதுவாகப் படிப்பு, கடைசியில்தான் விளையாட்டு. இதுதான் இன்றைய வைத்திய ஆலோசனை. பெரிய விபத்துக்குப் பிறகு வகுப்புக்குத் திரும்பும் பிள்ளை, முன்பு கெட்டிக்காரனாக இருந்தவன், இப்போது கரும்பலகையைப் பார்த்து எழுதப் பிந்துவான். சத்தம் தாங்கமாட்டான், சும்மா கோபப்படுவான், மேசையில் தலை வைத்துப் படுப்பான். அதற்குச் சோம்பல் என்று பெயர் வைத்து அடிக்காதீர்கள். அவனுடைய மூளை சுற்றுப் பாதை வெட்டிக்கொண்டிருக்கிறது. முன் வரிசையில் இருத்துங்கள், பாடத்தைச் சின்னத் துண்டுகளாகக் கொடுங்கள், இடையில் ஓய்வு விடுங்கள், பரீட்சையில் கூடுதல் நேரம் கேட்டு எழுதுங்கள். ஒவ்வொரு நாளும் ஒரே ஒழுங்கு இருக்கட்டும். கேஜைத் தூக்கி நிறுத்தியது அதுதான் என்றால், நம் பிள்ளையையும் தூக்கும், இன்ஷா அல்லாஹ்.

உங்கள் வீட்டிலோ லயத்திலோ அப்படி ஒருவர் இருந்தால், அடிபட்டு இரண்டு வருடமானாலும் சரி, அடுத்த கிளினிக் நாளில் கூட்டிப்போய் ஒரு கேள்வி கேளுங்கள்: “இவருக்கு இன்னும் என்ன பயிற்சி செய்யலாம்?” போய்வர வாகனமோ துணைக்கு ஆளோ இல்லாவிட்டால் கீழே எழுதுங்கள், அல்லது எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். யாரையாவது ஏற்பாடு செய்வோம். சிங்கள நண்பர்களுக்கும் இதன் சாரத்தைச் சொல்லுங்கள். அந்த வீதியில் நாம் எல்லோரும் ஒரே பஸ்ஸில்தான் போகிறோம்.